700 ரூபாய், ஒரு மொட்டை மாடி, கொஞ்சம் மாட்டு எலும்பு: இளைஞர்களைத் தொழில் தொடங்கச் சொன்ன பி.சி. ராய் யார்?

உங்கள் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, நான் வேலைக்கெல்லாம் போகப் போவதில்லை, சொந்தமாக ஏதாவது செய்யப் போகிறேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? முதலில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பீர்கள். அப்புறம் எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்பீர்கள். கடைசியில், முதலில் ஒரு வேலையில் சேர், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று முடித்துவிடுவீர்கள். தப்பே இல்லை. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது.

130 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தா வீடுகளிலும் இதே பேச்சுதான். பி.ஏ. படி, அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா ஆகு, இல்லையென்றால் வக்கீல் ஆகு. இதற்கு எதிராக வாழ்நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். அவர் தொழிலதிபர் இல்லை. வேதியியல் பேராசிரியர். அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். பெயர் பிரபுல்ல சந்திர ராய். வங்காளத்தில் இன்றும் ஆச்சாரியர் என்றுதான் சொல்வார்கள்.

பாடப்புத்தகத்தில் இவரைப் பற்றி இரண்டு வரி இருக்கும்: இந்திய வேதியியலின் தந்தை, பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனர். அந்த இரண்டு வரிக்குள் இருக்கும் கதையைப் பார்க்கலாம்.

பள்ளியை விட்டு வீட்டில் கிடந்த இரண்டு வருடம்

ராய் பிறந்தது 1861 ஆகஸ்ட் 2. ஊர் ராருளி, இன்று வங்கதேசத்தின் குல்னா பகுதியில் இருக்கிறது. அப்பா ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார், நல்ல படிப்பாளி, வீட்டிலேயே நூலகம் வைத்திருந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. பையன் ஹேர் பள்ளியில் சேர்ந்தான்.

1874ல் கடுமையான சீதபேதி. பிழைத்ததே பெரிய விஷயம். பள்ளியை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த வயிற்றுக்கோளாறு சாகும்வரை அவரை விடவில்லை.

13 வயதுப் பையன், பள்ளி கிடையாது, பரீட்சை கிடையாது, என்ன படிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் கிடையாது. அப்பாவின் புத்தக அலமாரி மட்டும் திறந்திருந்தது. வரலாறு, வாழ்க்கை வரலாறுகள், இங்கிலீஷ் இலக்கியம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தான். பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கை மனதில் ஆழமாகப் பதிந்தது. அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த பையன், சொந்தமாகப் படித்து, தொழில் நடத்தி, விஞ்ஞானியும் ஆனவர் அல்லவா பிராங்க்ளின்! பின்னாளில் ராய் பட்டங்களை அவ்வளவு சந்தேகத்தோடு பார்த்ததற்கு இந்த இரண்டு வருடம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளி இல்லாமலும் படிக்க முடியும் என்பதை அவர் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஆல்பர்ட் பள்ளி, வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரி. அங்கே அறிவியல் வசதி குறைவு. அதனால் பிரசிடென்சி கல்லூரிக்கு வெளி மாணவராகப் போய் வேதியியல் வகுப்புகளைக் கேட்டார். 1882ல் கில்கிரைஸ்ட் உதவித்தொகைப் போட்டி. அந்த முறை இந்தியாவிலிருந்து தேர்வானது இரண்டே பேர். ஒருவர் பம்பாய்க்காரர், இன்னொருவர் ராய். கப்பலேறி எடின்பரோ போனார். 1887ல் டி.எஸ்சி. பட்டம். 1888ல் ஊர் திரும்பினார்.

டாக்டர் பட்டம் வாங்கியும் வேலை இல்லை

இனிமேல் ராஜவாழ்க்கைதான் என்று நினைத்திருப்பீர்கள். நடந்தது வேறு. எடின்பரோ டாக்டர் பட்டத்தோடு திரும்பியவர் கிட்டத்தட்ட ஒரு வருடம் சும்மா இருந்தார். கல்லூரிகளின் உயர்பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கே. அந்த நாட்களில் அவருக்கு இடம் கொடுத்தவர்கள் நண்பர் ஜகதீஷ் சந்திர போஸும் அவர் மனைவியும். ஆமாம், அதே விஞ்ஞானி போஸ்தான். பொழுது போக ராய் இந்தியத் தாவரங்களைப் பற்றிய ராக்ஸ்பர்கின் நூலை வைத்துக்கொண்டு செடிகொடிகளைப் படித்தார். அந்தப் படிப்பு பிறகு உதவியது.

1889ல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 250 ரூபாய். அதே தகுதியோடு வரும் ஐரோப்பியருக்கு இதைவிடப் பல மடங்கு. ராய் நேராகக் கல்வித்துறை இயக்குநரிடமே போய்க் கேட்டார். பதில் எப்படி வந்தது தெரியுமா? உலகத்தில் வேறு வழிகளும் இருக்கின்றன, இந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிற தோரணையில் வந்தது.

குத்தலாகச் சொன்ன பேச்சு அது. ராய் வேலையையும் விடவில்லை, அந்தப் பேச்சையும் மறக்கவில்லை.

மாடியில் காய்ந்த எலும்புகள்

இனிமேல்தான் கதையின் ருசியான பகுதி. கல்கத்தா அப்பர் சர்க்குலர் ரோடு, 91ஆம் எண் வீடு. ராய் வாடகைக்கு இருந்த வீடு. அங்கேதான் 1892 வாக்கில் சுமார் 700 ரூபாய் முதலோடு பெங்கால் கெமிக்கல் அண்ட் பார்மசூட்டிகல் ஒர்க்ஸ் தொடங்கியது. பெயர்தான் பெரிசு. உள்ளே சில ஜாடிகள், அடுப்புகள், ராயின் சம்பள மிச்சம். அவ்வளவுதான்.

என்ன தயாரிப்பது? இன்று தொழில் தொடங்க நினைக்கும் பலர் சிக்கிக்கொள்ளும் கேள்வி இது. ராய் முதலில் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். எடுக்க முடிந்தது. ஆனால் கணக்குப் போட்டால் கட்டுபடியாகவில்லை. உடனே அதை விட்டுவிட்டார். அதன் பிறகு கடைவீதியைப் பார்த்தார். மருந்துக்கடைகளில் என்னென்ன விற்கிறது, எது கப்பலில் வருகிறது, அதற்கான மூலப்பொருள் இங்கேயே எங்கே குப்பையாகக் கிடக்கிறது? அப்படி யோசித்தபோது கிடைத்தது மாட்டு எலும்பு.

எலும்பை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் கால்சியம் பாஸ்பேட் இருக்கிறது. அதைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் சூப்பர்பாஸ்பேட், அதாவது உரம். அதிலிருந்து சோடாவைக் கொண்டு சோடியம் பாஸ்பேட் எடுத்தால் மருந்துக்கடைக்குப் போகும் சரக்கு. எலும்பு கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வாங்கி வந்து மொட்டை மாடியில் காயப் போட்டார்.

குளிர்காலம், மழை வராது என்ற நம்பிக்கை. மழை வந்தது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகியது, புழு வைத்தது, காக்கைகள் கூடின. காக்கை சும்மா இருக்குமா? எலும்பைக் கவ்விக்கொண்டு போய்ப் பக்கத்து வீடுகளில் போட்டது. அக்கம்பக்கமெல்லாம் ஆசாரமான இந்துக் குடும்பங்கள். மாட்டு எலும்பு முற்றத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். உடனே அப்புறப்படுத்தாவிட்டால் நகராட்சி அதிகாரிகளைக் கூப்பிடுவோம் என்றார்கள்.

எலும்புகளை அள்ளிக்கொண்டு ஊர் ஓரம், மாணிக்தலா பக்கம் போனார்கள். செங்கல் சூளை மாதிரி அடுக்கித் தீ வைத்தார்கள். ராத்திரியில் தீ எரிவதைப் பார்த்துப் போலீஸ் வந்தது. யாரையோ கொன்று எரிக்கிறார்கள் என்று சந்தேகம்! கிளறிப் பார்த்தால் மாட்டு எலும்பு.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தக் காலத்துக் கல்கத்தாவில் மேல்சாதியில் பிறந்த, சீமையில் படித்த பேராசிரியர் கசாப்புக் கடை எலும்போடு மாரடிப்பது சின்ன விஷயம் இல்லை. கையால் வேலை செய்வதே கேவலம் என்று நினைத்த வர்க்கம் அது. தொழில் தொடங்க முதலில் உடைக்க வேண்டியிருந்தது இந்தச் சுவரைத்தான். முதல் பணம் அதற்கு அப்புறம்தான்.

சரக்கு ரெடி, வாங்க ஆள் எங்கே?

தயாரித்தாயிற்று. மருந்துக்கடைக்காரர்கள் வாங்கவில்லை. சீமை மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம், உள்ளூர்ச் சரக்கை யார் நம்புவார்கள் என்று தலையை ஆட்டினார்கள். தரம் சரியாகவே இருந்தாலும் பெயர் வேண்டுமே.

இங்கேதான் நண்பர்கள் வருகிறார்கள். டாக்டர் அமூல்ய சரண் போஸ் தொழில்முறை மருத்துவர். அவர் சக மருத்துவர்களிடம் பேசி, இந்த மருந்துகளை எழுதிக் கொடுக்கச் செய்தார். கம்பெனிக்கு ஒரு யோசனையும் கொண்டுவந்தார்: வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் நாட்டு மூலிகைகளை ஏன் நவீன முறையில் தயாரிக்கக் கூடாது? ஓமத் தண்ணீர், ஆடாதோடை சிரப், நிலவேம்புச் சாறு. நம்ம பாட்டி கொடுத்ததேதான். ஆனால் அளவு சீராக, பாட்டிலில், லேபிள் ஒட்டி. சீமைக் கம்பெனிகளிடம் இல்லாத சரக்கு இது. விற்பனை சூடுபிடித்தது.

இன்னொருவர் சதீஷ் சந்திர சின்ஹா. வேதியியலில் எம்.ஏ. படித்துவிட்டு, வேறு பாதுகாப்பான வழியைத் தேடாமல் இந்தச் சின்னக் கம்பெனியில் வந்து சேர்ந்த இளைஞர். ஆய்வகத்தில் வேலை செய்தபோது ஹைட்ரோசயனிக் அமில விஷம் தாக்கி இறந்துபோனார். சில ஆண்டுகளில், 1898ல், கல்கத்தாவில் பிளேக் பரவியபோது அமூல்ய போஸும் இறந்தார்.

தொழில்முனைவோர் கதைகளில் இந்த மாதிரிப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். நீங்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தோள் கொடுத்த இரண்டு பேர் போய்விட்டார்கள். இதற்கு நடுவில் ராயின் அப்பாவும் இறந்து, குடும்பச் சொத்துக்கு மேல் இருந்த கடன் இவர் தலையில் விழுந்தது. சொத்தில் ஒரு பகுதியை விற்றுக் கடனைத் தீர்த்தார். பகலில் கல்லூரி, சாயங்காலம் வந்து கம்பெனியின் கணக்கும் தயாரிப்பும். இதே ஆண்டுகளில்தான் நெய், கடுகு எண்ணெய்க் கலப்படம் பற்றிய ஆய்வும், 1896ல் அவருக்கு உலக அளவில் பெயர் வாங்கிக் கொடுத்த மெர்குரஸ் நைட்ரைட் ஆய்வும் வெளிவந்தன.

1901ல் அது லிமிடெட் கம்பெனி ஆனது. 1905ல் மாணிக்தலாவில் தொழிற்சாலை. அதே வருடம் சுதேசி இயக்கம் வெடித்தது, உள்ளூர்ச் சரக்குக்குக் கிராக்கி ஏறியது. 1920ல் பானிஹாட்டியிலும் 1938ல் பம்பாயிலும் ஆலைகள்.

இளைஞர்களை அவர் எப்படி வளர்த்தார்?

உபதேசம் செய்தாரா என்றால், நிறையவே செய்தார். வங்காளியின் மூளையும் அதன் துர்ப்பயன்பாடும் என்று தலைப்பு வைத்தே ஒரு சிறுநூல் எழுதினார். இவ்வளவு புத்திசாலிப் பிள்ளைகள் பரீட்சை எழுதி, பட்டம் வாங்கி, குமாஸ்தா நாற்காலிக்கு வரிசையில் நிற்கிறார்களே என்ற கோபம் அது. ஒன்றுமில்லாமல் கல்கத்தாவுக்கு வந்த மார்வாரிகள் வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று மேடைதோறும் சாடினார்.

இந்தத் திட்டு முழுக்க நியாயமா? இல்லை என்பது என் கருத்து. மார்வாரி இளைஞனுக்குப் பின்னால் கடன் கொடுக்க உறவுக்காரர்கள் இருந்தார்கள், உண்டியல் இருந்தது, வேலை கற்றுக்கொள்ள மாமா கடை இருந்தது. வங்காளத்து பி.ஏ. பட்டதாரிக்கு இதில் ஒன்றும் இல்லை. ராய்க்கும் மாதா மாதம் கல்லூரிச் சம்பளம் வந்துகொண்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது. எலுமிச்சைச் சோதனை தோற்றபோது அவர் பட்டினி கிடக்கவில்லை. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் 700 ரூபாயில் கம்பெனி எத்தனை நாள் நின்றிருக்கும்? உங்கள் பிள்ளையிடம் ராயின் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் ராய் திட்டியதோடு நிற்கவில்லை. வேலை கொடுத்தார், பொறுப்பும் கொடுத்தார். 1903ல் ராஜசேகர போஸ் என்ற இளம் வேதியியல் பட்டதாரி கம்பெனியில் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் நிர்வாகமே அவர் கைக்கு வந்தது. இதே ராஜசேகர போஸ்தான் பரசுராம் என்ற புனைபெயரில் எழுதிய, வங்காளத்தின் மிகப் பெரிய நகைச்சுவை எழுத்தாளர்களில் ஒருவர். வங்காள அகராதி ஒன்றையும் தொகுத்தார். காலையில் அமில ஆலைக் கணக்கு, ராத்திரி நகைச்சுவைக் கதை. இன்னொருவர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா. ஆலையில் இருந்தபடியே ஃபயர் கிங் என்ற தீயணைப்பான் கருவியை உருவாக்கினார். பிறகு காந்தியின் பின்னால் போய், சோத்பூரில் காதி பிரதிஷ்டானை நடத்தினார். கம்பெனியின் தூண் மாதிரி இருந்தவர் அவர். போகும்போதும் ராயின் ஆசியோடுதான் போனார்.

மண்பாண்டம், எனாமல், உப்பு, ஸ்டீமர் என்று வேறு பல கம்பெனிகளுக்கும் ராய் தோள் கொடுத்தார், தன் பெயரைக் கொடுத்தார். எல்லாமே நிலைக்கவில்லை.

கல்லூரியில் கதை இன்னும் சுவாரசியம். சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா, ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி, நீல் ரத்தன் தர்: எல்லோரும் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். போஸும் சாஹாவும் இயற்பியலில் உலகப் புகழ் பெற்றார்கள். கோஷ் பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநரானார். பாடம் நடத்தும்போதே எலும்பைக் காட்டி, சாம்பலைக் காட்டி, இதில் உயிர் இருந்த பொருளுக்கும் வேதிப்பொருளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிற ஆசிரியர். மாணவர்களின் ஆய்வு தன் ஆய்வைத் தாண்டிப் போனால் வெளிப்படையாகச் சந்தோஷப்பட்டார். சாயங்காலமானால் மாணவர்களோடு மைதானத்தில் நடை. பேச்சு வேதியியலிலிருந்து ஷேக்ஸ்பியர் வரைக்கும் போகும்.

பணத்தை என்ன செய்தார்?

1901-02ல் காந்தி கல்கத்தாவில் கோகலேயோடு தங்கியிருந்தபோது, கோகலே அவருக்கு ராயை அறிமுகம் செய்தார். மாதம் 800 ரூபாய் சம்பளத்தில் 40 ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பொதுக்காரியத்துக்குக் கொடுப்பவர், கல்யாணம் ஆகவில்லை, செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை என்பதுதான் அறிமுகம். காந்தி தன் சுயசரிதையில் இதைக் குறித்திருக்கிறார்.

1916ல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு. அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பில் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் வேதியியலுக்கான முதல் பாலித் பேராசிரியர் ஆனார். குடியிருப்பும் அங்கேயே மாடியில் ஓர் அறையில். கூடவே சில ஏழை மாணவர்கள். 1921ல் 60 வயதானதும், இனி தன் சம்பளம் முழுவதும் வேதியியல் துறைக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் போகட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 75 வயதில், 1936ல் ஓய்வு பெறும்வரை அப்படியே நடந்தது. 1922ல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது அந்த அறிவியல் கல்லூரியே நிவாரண மையமாக மாறியது. துணி மூட்டை கட்டியதும் அரிசி ஏற்றியதும் மாணவர்கள். களத்தில் ஓடியவர்களில் சுபாஷ் சந்திர போஸும் ஒருவர்.

1944 ஜூன் 16 அன்று, அதே மாடி அறையில் ராய் காலமானார். வயது 82.

கம்பெனி என்ன ஆயிற்று?

இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். சுதந்திரத்துக்குப் பிறகு பெங்கால் கெமிக்கல்ஸ் மெல்ல நஷ்டத்தில் இறங்கியது. 1977ல் மத்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, 1980ல் தேசியமயமானது. அதற்குப் பிறகும் நஷ்டம் நிற்கவில்லை. 2016ல் விற்றுவிடலாம் என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. வேடிக்கை பாருங்க, 2016-17 நிதியாண்டில்தான் 60 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கம்பெனி லாபம் காட்டியது. தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் விற்பனை முடிவை ரத்து செய்தது. 2020ல் கொரோனா காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைக்கு உலகமே அலைந்தபோது, மலேரியா மருந்து செய்து பழகிய இந்தப் பழைய கம்பெனியின் பெயர் மறுபடியும் செய்திகளில் அடிபட்டது.

கொல்கத்தா மளிகைக் கடைகளில் இன்றும் விளக்குப் படம் போட்ட பினாயில் பாட்டிலைப் பார்க்கலாம். அந்தக் கம்பெனி தயாரிப்புதான்.